கிரீன்ஹவுஸ் இல்லாமல் சென்னை மொட்டை மாடியில் கிர்ணி, தர்பூசணி வருமா?

மடிப்பாக்கம் மாடி:

வணக்கம் நண்பர்களே. மொட்டை மாடியில் 20க்கு 15 அடி இடம் இருக்கிறது. காலை ஏழரையிலிருந்து மாலை நாலு வரை நேர் வெயில். போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1,150 காட்டுகிறது. மெட்ரோ தண்ணீரில் தினம் 15 லிட்டர் வரை செடிக்கு ஒதுக்கலாம்.

தை பிறந்ததும் கிர்ணியும் தர்பூசணியும் போட எண்ணம். வெளிநாட்டு வீடியோக்களில் கிர்ணி என்றாலே கண்ணாடி வீடு, பாலித்தீன் கூடாரம் என்று காட்டுகிறார்கள். இங்கே அது தேவையா? இல்லையென்றால் பச்சை வலையாவது கட்ட வேண்டுமா? பை என்ன அளவு, எத்தனை செடி?

போன பருவத்தில் பூவுக்குக் குறைவே இல்லை. ஆனால் பிஞ்செல்லாம் கோலிக்குண்டு அளவில் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. தப்பித்த ஒரே கிர்ணியும் வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருந்தது. எங்கே தப்பு?

செங்கல்பட்டு செம்மண்:

கண்ணாடி வீட்டை மறந்துவிடுங்கள் சார். அங்கே அது குளிருக்குப் போர்த்தும் போர்வை. கிர்ணி முளைக்க மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும், நம் ஊரில் தை மாத ராத்திரியே 18க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே பாலித்தீன் போட்டு மூடினால் மார்ச் மதியம் உள்ளே இட்லிப் பானைதான், தேனீயும் நுழையாது. மரக்காணம், திண்டிவனம் பக்கம் ஏக்கர் கணக்கில் தர்பூசணி திறந்த வெளியில்தான் கிடக்கிறது.

நமக்கு முன்பக்கம் கார்த்திகை மழை, பின்பக்கம் கத்திரி வெயில். நடுவில் கிடைக்கும் நூறு நாளுக்குள் பயிரை முடிக்க வேண்டும். அதனால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டத் தாண்ட மகரந்தம் வீரியம் இழக்கும், ஆண் பூ கூடும், பெண் பூ குறையும். எனவே காய் பிடிப்பது மார்ச் 15க்குள் முடிந்துவிட வேண்டும். விதை போட்டதிலிருந்து 35 முதல் 45 நாளில் பெண் பூ வரும். ஆக, விதைப்பு ஜனவரி 10 முதல் 25க்குள். பிடித்த காய் பழுக்க 30 முதல் 35 நாள். ஏப்ரல் பாதியில் பழம் கைக்கு வந்துவிடும், மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும்போது பை காலியாக இருக்கும். ஆசைப்பட்டு டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த மாதிரி ஒரே ஒரு புயல் போதும், எல்லாம் போச்சு. புயல் வராவிட்டாலும் மார்கழிப் பனியில் இலை விடிய விடிய நனைந்து அடிச்சாம்பல் நோய் பிடிக்கும்.

உங்கள் தண்ணீர் அளவுக்கு ஆறு கிர்ணி, இரண்டு தர்பூசணி. அதற்கு மேல் வேண்டாம். கிர்ணிக்கு 15க்கு 15 அங்குலப் பை, அது சுமார் 40 லிட்டர் பிடிக்கும். தர்பூசணிக்கு 18க்கு 18, முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் 60 லிட்டர். பைக்கு ஒரே செடி. மொத்தம் 360 லிட்டர் கலவை: செம்மண், தென்னை நார்த்தூள், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. ஐந்து கிலோ நார்க் கட்டி இரண்டு ஊறினால் உங்களுக்குத் தேவையான 120 லிட்டர் கிடைத்துவிடும். ஊற வைத்த தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், அதைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசுங்கள். அலசாத நாரில் உப்பு அதிகம், உங்கள் போர் தண்ணீரோடு சேர்ந்தால் நாற்றின் இலை ஓரம் கருகும்.

பைக்கு வேப்பம் புண்ணாக்கு 150 கிராம், எலும்புத் தூள் 100 கிராம், ட்ரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) 20 கிராம். எல்லாம் கலந்து ஈரமாக வைத்துப் பத்து நாள் கழித்துத்தான் விதை. புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், உடனே போட்டால் முளை வெந்துவிடும்.

நனைந்த பை ஒன்று 40 முதல் 60 கிலோ. மாடி நடுவில் குவிக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே சுவரோ பீமோ வரும் இடமாகப் பார்த்துப் பரப்புங்கள். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கினால் தண்ணீரும் வடியும், தளத்துச் சூடும் வேரில் ஏறாது. பை வெள்ளையாக இருக்கட்டும். பொங்கல் முடிந்ததும் தெருவில் கரும்புச் சோகை சும்மாவே கிடைக்கும். நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டுவிடுங்கள், தண்டை மட்டும் தொடாமல்.

விதையை ஆறு மணி நேரம் ஊற வைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஒன்றரை நாளில் முளை எட்டிப் பார்க்கும். பையிலேயே 2 செ.மீ. ஆழத்தில் மூன்று விதை, பிறகு வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அறும். ரகம்: தர்பூசணியில் ஆர்க்கா முத்து. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகம், கொடி ஒன்றேகால் மீட்டருக்குள் அடங்கும், 75 முதல் 80 நாள், பழம் இரண்டரை மூன்று கிலோ. மாடிக்கு இதைவிடப் பொருத்தம் தெரியவில்லை. சுகர் பேபியும் வரும், கொடிதான் நீளம். கிர்ணியில் ஆர்க்கா ஜீத் அரைக்கிலோ அளவுப் பழம், தொங்கவிட வசதி. ஆர்க்கா ராஜ்ஹன்ஸ் ஒரு கிலோவைத் தாண்டும். கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஹைப்ரிட், தாய் மாதிரி வராது.

பச்சை வலை வேண்டாம். 50 சதவீத வலைக்குக் கீழே கொடி நீண்டு இலை மெலிந்து நிற்கும், இனிப்பு ஏறாது.

அம்பத்தூர் அவரைப்பந்தல்:

பச்சை வலை விஷயத்துல கொஞ்சம் மாறுபடறேன் சார். செடிக்கு மேல வேணாம், சரி. ஆனா மார்ச் கடைசியில தர்பூசணி காய் மேல நேர் வெயில் விழுந்தா மேல்தோல் வெளுத்து வெந்த மாதிரி ஆயிடும். காய்க்கு மட்டும் பழைய செய்தித்தாள் இல்ல வைக்கோல் மூடினா போதும்.

பிஞ்சு மஞ்சளாகிறதுக்கு என் கேள்வி: பக்கத்துல வெள்ளரி இருந்துதா? கலந்துடும்னு சொல்வாங்க, அதனாலதான் சப்புன்னு இருந்திருக்கும்.

கொசுத்தேனீ:

வெள்ளரி மேல் பழி போடாதீங்க ப்ரோ. வெள்ளரியும் கிர்ணியும் வேற வேற இனம், ஒண்ணோட ஒண்ணு சேராது. வெடிச்சு மாவா உதிருமே, சர்க்கரை போட்டுச் சாப்பிடுற வெள்ளரிப்பழம், அது கிர்ணியோட சொந்தக்காரன், அது சேரும். அப்பவும் மாறுறது உள்ளே இருக்கிற விதைதான். இந்த வருஷப் பழத்தோட சதை மாறாது.

கோலிக்குண்டு அளவில் மஞ்சளாகி உதிர்ந்தா முதல் சந்தேகம் மகரந்தம் சேரலைங்கிறதுதான். மொட்டை மாடிக்கு எல்லாத் தேனீயும் தேடி வராது. கையால் சேர்த்துவிடணும்.

காலை ஆறரை மணிக்கு மாடிக்குப் போங்க. காம்பு மெல்லிசா, பூவுக்குக் கீழே ஒண்ணுமில்லாம இருந்தா ஆண். பூவுக்கு அடியில் பட்டாணி அளவில், பூனை முடி மாதிரி ரோமத்தோட குட்டிக் காய் உட்கார்ந்திருந்தா பெண். கிர்ணியில் நிறைய ரகத்தில் அந்தப் பூவுக்குள்ளேயே மகரந்தத் தூளும் இருக்கும், இருந்தாலும் தானா ஒட்டாது. அன்னிக்குக் காலையில் விரிஞ்ச ஆண் பூவைப் பறிச்சு, இதழைப் பின்னால் மடிச்சுக் கிள்ளிடுங்க. நடுவில் மஞ்சள் தூளோட ஒரு குச்சி நிக்கும். விரல் நுனியில் தொட்டால் தூள் ஒட்டணும், ஒட்டலைன்னா அந்தப் பூ வேணாம், வேற எடுங்க. பெண் பூ நடுவில் மூணு மடலா பச்சையா இருக்கே, அதில் மூணு மடல்லேயும் படுற மாதிரி லேசாத் தடவணும். ஒரு மடலை விட்டுட்டா காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலா வரும். ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குப் போதும். ஒன்பது மணிக்கு மேல் செஞ்சா பலன் குறைவு.

சேர்த்த அன்னிக்கே காம்பில் ஒரு நூல் கட்டி தேதி எழுதின சீட்டு தொங்கவிடுங்க. பறிக்கும்போது இந்தச் சீட்டு மாதிரி உதவி வேற எதுவும் கிடையாது. காய் பிடிச்சிருந்தா மூணாம் நாள் பூ வாடி, காய் தலையைக் கீழே சாய்க்கும்.

இன்னொண்ணு: முதல் பத்துப் பதினஞ்சு நாள் வர்றது எல்லாமே ஆண் பூதான். அது உதிர்ந்தா பயப்படாதீங்க, அது உதிரத்தான் செய்யும்.

மடிப்பாக்கம் மாடி:

மிக்க நன்றி எல்லோருக்கும். போன முறை எட்டு மணிக்கு மேல்தான் மாடிக்கே போனது, கையால் சேர்க்கவும் இல்லை. பெண் பூ அதிகம் வர எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியை அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா? கொடியைப் படர விடுவதா, பந்தலில் ஏற்றுவதா? எங்கே கிள்ளுவது?

செங்கல்பட்டு செம்மண்:

எத்ரல் வயலுக்குச் சொன்னது: 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, விதைத்த 15ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவையாக நாலு தடவை. எட்டுச் செடிக்கு அது வேண்டாம். அளவு கொஞ்சம் கூடினால் நுனி சுருண்டு வளர்ச்சி நின்றுவிடும். கிள்ளுவதே போதும்.

கிர்ணிக்கு ஆறடி உயரத்தில் ஜி.ஐ. கம்பி கட்டி, அதிலிருந்து கொடி வலையோ சணல் கயிறோ தொங்கவிட்டு ஏற்றுங்கள். தாய்க்கொடி ஒன்று. அதில் எட்டாவது இலை வரை வரும் பக்கக் கிளைகளைச் சுண்டுவிரல் நீளத்திலேயே கிள்ளிவிடுங்கள். ஒன்பது முதல் பதின்மூன்றாவது கணு வரை வரும் பக்கக் கிளைகளின் முதல் கணுவில்தான் பெண் பூ உட்காரும். காய் பிடித்ததும் அதற்கு அப்பால் இரண்டு இலை விட்டுக் கிளை நுனியைக் கிள்ளுங்கள். தாய்க்கொடி 25 இலை தொட்டதும் அதன் நுனியையும். பிடித்ததில் எலுமிச்சை அளவு வந்ததும் நல்ல உருண்டையாக இருக்கும் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். மனசு வராது, ஆனால் எடுக்காவிட்டால் நாலு சப்பைப் பழம்தான்.

தர்பூசணியில் தாய்க்கொடியைக் கிள்ள வேண்டாம். எட்டு, பத்தாவது கணுவில் வரும் முதல் காயை எடுத்துவிட்டு, பதினைந்தாவது கணுவுக்குப் பக்கத்தில் வருவதை வையுங்கள். ஆர்க்கா முத்து மாதிரிக் குட்டைக் கொடியில் இரண்டாவது பெண் பூ என்று கணக்கு. பைக்கு ஒரே காய். கீழேயே படர விடலாம், தளத்தின் மேல் கோணி விரித்து.

பந்தலில் தொங்கும் கிர்ணியை ஆரஞ்சு அளவு வந்ததும் வெங்காய மூட்டை வலையில் தொட்டில் கட்டித் தாங்குங்கள். முடிச்சு கம்பியில் இருக்க வேண்டும், கொடியில் அல்ல. மதியத்துக்கு மேல் கடற்காற்று தூக்கும்போது கொடியோடு காய் ஆடினால் காம்பு திருகிவிடும்.

பல்லாவரம் சொட்டுநீர்:

தண்ணீர், உரம் பற்றி யாரும் தொடவில்லை. சப்பென்று இருந்ததன் பதில் பாதி இங்கேதான்.

முதலில் உப்பு. மெட்ரோ தண்ணீர் டி.டி.எஸ். 300 என்று வைத்தால், அதில் 15 லிட்டரும் போரில் 10 லிட்டரும் கலந்தால் 640 வரும். இது தாராளமாக ஒத்துக்கொள்ளும். எட்டுச் செடிக்கு மார்ச்சில் தினம் 25 லிட்டர் சரியாக இருக்கும். கிர்ணிக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர், தர்பூசணிக்கு நாலு வரை, காலை பாதி மாலை பாதி. பிப்ரவரியில் இதில் பாதி போதும், அப்போது மெட்ரோ தண்ணீர் மட்டுமே விடலாம். வாரம் ஒரு நாள் அடியில் நன்றாக வடியும் வரை விட்டால் தேங்கிய உப்பு கழுவிப் போகும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது போரைவிட உப்பு. ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடித்துக் கலக்கலாம், அதில் உப்பு இல்லை.

உரம்: நாலு இலை வந்ததிலிருந்து பூ வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒரு முறை, செடிக்கு ஒரு லிட்டர். பெண் பூ தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் தழைச்சத்து போனால் இலை கரும்பச்சையாகத் தட்டு அளவுக்கு விரியும், பிஞ்சு உதிரும், பிடித்ததிலும் இனிப்பு இருக்காது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் மட்டும் கொடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள், இயற்கை என்றாலும் தழைச்சத்து தழைச்சத்துதான். காய் கோழிமுட்டை அளவு வந்ததும் சாம்பல் சத்து அதிகமுள்ள 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 3 கிராம், வாரம் ஒன்று. பூ மொட்டு வரும்போது போரிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து ஒரே ஒரு முறை இலையில் தெளித்தால் காய் பிடிப்பும் நன்றாக இருக்கும், வெடிப்பும் குறையும். அளவைக் கூட்டாதீர்கள், போரான் கொஞ்சம் கூடினாலும் இலை ஓரம் எரியும்.

காயின் பூ முனை கறுத்துத் தோல் மாதிரி அமுங்கினால் சுண்ணாம்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். மண்ணில் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டுவதால் வருவது. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் இரண்டு தடவை விடலாம், சல்பேட் உரம் எதோடும் கலக்காமல். கலந்தால் அடியில் மாவாகப் படியும்.

கடைசி விஷயம், இதைப் பலர் விட்டுவிடுவார்கள். பறிக்கப் பத்து நாள் இருக்கும்போது தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து மூன்றில் இரண்டு பங்காக்குங்கள். மதியம் இலை லேசாகத் தொங்கி, மாலையில் தானே நிமிர்ந்தால் சரியான அளவு. மாலையிலும் நிமிரவில்லை என்றால் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள். ஆனால் குறைத்துவிட்டுத் திடீரென்று ஒரு குடம் ஊற்றினால் பழம் வெடிக்கும்.

வேளச்சேரி வண்டுப்பிடி:

பூச்சிக்கு வருகிறேன். முதல் மூன்று வாரம் சிவப்புப் பூசணி வண்டு. ஆரஞ்சு நிறத்தில் நெல் அளவு இருக்கும், விதையிலையைச் சல்லடையாக்கிவிடும். விடியற்காலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுவதே சிறந்த மருந்து. அல்லது பழைய கொசுவலையை நாலு குச்சி நட்டு மூடுங்கள், உங்களுக்கு வேண்டிய கிரீன்ஹவுஸ் அவ்வளவுதான். வலை மூடியிருந்தாலும் வெள்ளை ஈ, இலைப்பேன் அதன் கண் வழியாக நுழைந்துவிடும். முதல் பெண் பூ தெரிந்த அன்று வலையை எடுத்துவிட வேண்டும்.

தர்பூசணியில் நுனி சுருங்காமல், வானத்தைப் பார்த்து விறைத்து நின்று கருகினால் அது மொட்டுக் கருகல் வைரஸ். இலைப்பேன் பரப்புவது. மருந்து இல்லை. அந்தச் செடியை அன்றே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" வேண்டாம். நீல நிற ஒட்டுப்பொறி இலைப்பேனுக்கு, மஞ்சள் வெள்ளை ஈக்கு. இந்த இடத்துக்கு இரண்டிரண்டு போதும்.

மார்ச்சில் இலை மேல் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வரும். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, காலை வெயிலில் வாரம் இருமுறை. கந்தகத் தூள் வேண்டாம், பூசணிக் குடும்பத்து இலை அதில் எரிந்துவிடும், அதுவும் இந்த வெயிலில். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து, சூரியன் சாய்ந்த பிறகு மட்டும்.

பழ ஈதான் பெரிய தலைவலி. உங்கள் பிஞ்சு மஞ்சளானதில் இதன் பங்கும் இருக்கலாம். உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தாலோ, தோலில் ஊசி குத்தின இடத்தில் பிசின் கசிந்து காய்ந்திருந்தாலோ ஈ. சுத்தமாக இருந்தால் மேலே நண்பர் சொன்ன மகரந்தக் கோளாறு. கடையில் பொறி கேட்டால் மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினால் கட்டையைத் தலையில் கட்டிவிடுவார்கள். பூசணிக் குடும்பத்து ஈ அதற்கு வராது, கியூலூர் என்று கேட்டு வாங்குங்கள். பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான், அதனால் பொறியை நம்பி உட்காராமல், கை மகரந்தம் செய்து நாலாம் நாளே காய்க்கு மெல்லிய பருத்தித் துணிப் பை போட்டு காம்பில் கட்டிவிடுங்கள். இதுவே அணில், காக்காவுக்கும் ஓரளவு தடை. கருவாட்டுப் பொறியும் வைக்கலாம், ஆனால் ஈ வருமுன் தெருப் பூனை வந்துவிடும். உதிர்ந்த பிஞ்சை உரக்குழியில் போடாமல் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள்.

அம்பத்தூர் அவரைப்பந்தல்:

வெள்ளரி விஷயத்துல திருத்தினதுக்கு நன்றி ப்ரோ, இத்தனை நாள் நானும் அதையே சொல்லிட்டிருந்தேன். பறிக்கிறது எப்படின்னும் யாராவது சொல்லிடுங்க, அங்கதான் நிறைய பேர் அவசரப்படறாங்க.

கொசுத்தேனீ:

கிர்ணி தானே சொல்லும். காம்பு பழத்தோட சேர்ற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு வட்டக் கீறல் விழும். அது முக்கால் வட்டம் ஆனதும் கட்டைவிரலால் லேசாத் தள்ளினாலே கழண்டு வரும். இழுக்க வேண்டியிருந்தா இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பச்சைத் தோல் மஞ்சளாகும், பூ முனையை முகர்ந்தா வாசனை வரும், எறும்பும் சுத்த ஆரம்பிச்சுடும். பறிச்ச பிறகு வீட்டில் வெச்சா சதை மெதுவாகும், வாசனை கூடும், சர்க்கரை கூடாது. அதனால சீக்கிரம் பறிச்சு அரிசிப் பானைக்குள் வெச்சுப் பிரயோஜனம் இல்லை.

தர்பூசணிக்குச் சீட்டில் எழுதின தேதியிலிருந்து 30 நாள் ஆனதும் தினம் பாருங்க. காய் இருக்கிற அதே கணுவில் ஒரு பற்றுக்கம்பி சுருள் இருக்கும். அது நுனியிலிருந்து அடி வரைக்கும் முழுசாக் காயணும், பாதி காஞ்சது கணக்கில் இல்லை. தரையில் பட்ட வயிற்றுப் பக்கம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்கணும். காயைப் பந்தலில் தொங்கவிட்டா அந்தத் தழும்பே விழாது, அப்போ பற்றுக்கம்பியும் தேதிச்சீட்டும்தான் துணை. தட்டிப் பார்க்கிறதை மட்டும் நம்பாதீங்க. "ணங்"னு கேட்டா காய், "தொப்"னு கேட்டா பழம்னு சொல்றது சரிதான், ஆனா அளவுக்கு மீறிப் பழுத்ததும் அதே "தொப்"தான். வெயில் ஏறுமுன் விடியற்காலையில், காம்பை ரெண்டு விரல் அளவு விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுங்க.